‘சாக்கி’யில் யார் பெரிய ஆள்? சண்டைக்கு முன் காயை எண்ணுங்கள்

கொபயாஷி ரிட்ஸு 2006-இல் ‘யங் காங்கான்’ இதழில் தொடங்கிய ‘சாக்கி’ மங்காவில் (ஜப்பானியப் படக்கதை) பள்ளிக்கூடப் பெண்கள் மாஜாங் ஆடுகிறார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் சாதுவான ஆட்டம்தான். ஆனால் அங்கே ஒருத்திக்கு முழுநிலவன்று பலம் கூடுகிறது, ஒருத்திக்கு அடுத்த சுற்றில் வரப்போவது முன்கூட்டியே தெரிகிறது, இன்னொருத்தி எதிராளிகளின் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறாள். அப்புறம் என்ன, இந்தப் பெண்களில் யார் பலசாலி, டெருவா கோரோமோவா என்று ரசிகர்கள் சண்டைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் பத்துப் பேருக்கு ரேங்க் போட்டுக்கொண்டு மூன்று நாள் மல்லுக்கட்டியவன்தான். மாஜாங் விதிகளை ஒழுங்காகக் கற்றுக்கொண்ட பிறகு அந்தப் பட்டியலை எடுத்துப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

ரம்மி ஆடத் தெரிந்தவர்களுக்கு மாஜாங் பாதி தெரிந்த மாதிரி. நாலு பேர், 136 காய்கள், கையில் 13. ஒன்றை எடுத்து ஒன்றைப் போட வேண்டும். நாலு செட்டும் ஒரு ஜோடியும் சேர்ந்தால் கை முடிந்தது. யார் எத்தனையாவது காயை எடுப்பார், முடித்த கைக்கு யார் பணம் கட்டுவார் என்பதெல்லாம் விதியில் இருக்கிறது. கதையில் வரும் சக்தி எல்லாம் இந்த விதிக்குள்தான் வேலை செய்கிறது. இதை மறப்பதில்தான் முக்கால்வாசிச் சண்டை தொடங்குகிறது.

சின்னதிலிருந்து ஆரம்பிக்கலாம். முதல் அத்தியாயத்திலேயே கதாநாயகி மியநாகா சாக்கி எத்தனை முறை ஆடினாலும் கூட்டல் கழித்தல் பூஜ்ஜியத்தில் முடிக்கிறாள். ‘தொடங்கிய 25,000 புள்ளியிலேயே நிற்கிறாள், அவ்வளவுதானே’ என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. அந்த ஆட்டம் 25,000-இல் தொடங்கினாலும் கணக்குப் பார்ப்பது 30,000-ஐ வைத்து. ஆயிரத்துக்குக் கீழே உள்ளதை முழுமையாக்கும் முறைப்படி 29,600-க்கும் 30,500-க்கும் இடையில் முடித்தால்தான் பூஜ்ஜியம். அதாவது ஒவ்வொரு ஆட்டத்திலும் ஐயாயிரம் போல ஜெயித்து, அதற்கு மேல் போகாமல் பிரேக் போட வேண்டும். ஒதுங்கி உட்கார்ந்து ஒப்பேற்றுவதை விட இது பல மடங்கு கஷ்டம்.

கோரோமோவின் கடைசிக் காய்

அமாயே கோரோமோ என்றால் ஹைதெய். சுவரின் (எடுப்பதற்காக மேசையில் அடுக்கிவைத்த காய்களின்) கடைசிக் காயை எடுத்து அதிலேயே ஜெயிப்பது அவள் பாணி. ‘கடைசிக் காய் எப்போதும் அவளுக்குத்தான்’ என்று எழுதுபவர்கள் ஒருமுறை காயை எண்ணிப் பார்க்கலாம். 136-இல் 14 காய்கள் தனியே ஒதுக்கப்படும். நாலு பேர் கையில் 52. மீதி 70. டீலர் முதல் காயை எடுக்கிறார் என்றால், யாரும் குறுக்கே புகாத வரை 70-ஆவது காய் டீலருக்கு அடுத்து ஆடுபவருக்குப் போகும். மற்ற இடங்களில் உட்கார்ந்திருந்தால் சும்மா இருந்து அந்தக் காயைத் தொட முடியாது.

அதனால்தான் கோரோமோ திடீரென்று ‘பொன்’ போடுகிறாள் (தங்கமில்லை, அடுத்தவர் போட்ட காயை எடுத்து மூன்றாக்குவது). அவள் டீலராக இருக்கும்போது, தனக்கு அடுத்து ஆடுபவர் போட்ட காயில் ஒரே ஒரு பொன் போட்டால் வரிசை மூன்று இடம் நகர்ந்து 70-ஆவது காய் அவளிடமே வந்துவிடும். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், சரியாக வரும். இதே கணக்கை எதிராளியும் போடலாம் என்பதுதான் விஷயம். வேறொருவர் குறுக்கே புகுந்து ஒரு பொன் போட்டால் வரிசை பெரும்பாலும் மறுபடி மாறும். யாராவது ‘கான்’ (ஒரே மாதிரி நாலு காயைச் சேர்ப்பது) போட்டால் ஒதுக்கிய காய்களிலிருந்து ஒன்று கைக்கு வரும். அந்த இடத்தை நிரப்பச் சுவரின் கடைசியிலிருந்து ஒரு காய் உள்ளே போகும். மிச்சம் 69, கடைசிக் காயின் சொந்தக்காரரும் பெரும்பாலும் மாறிவிடுவார். சாக்கியின் பலமே கான்தான். கோரோமோவுக்கு அவள் ஏன் தலைவலி என்பதற்கு மாயம் எதுவும் தேவையில்லை, இந்தக் கழித்தல் கணக்கே போதும்.

அந்தக் கடைசிக் கை

நாகானோ மாவட்ட இறுதிப் போட்டியின் கடைசிக் கையை ‘சாக்கியின் சக்தி கோரோமோவின் சக்தியை வென்றது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு இதில்தான் ரொம்ப வருத்தம், ஏனென்றால் ஆசிரியர் விதிகளை வைத்து இழைத்து இழைத்துச் செய்த கை அது. கோரோமோ போட்ட காயை எடுத்து சாக்கி கான் போடுகிறாள். மாற்றாக வந்த காயில் மறுபடி கான், அதற்கு வந்ததில் இன்னொரு கான், கடைசியாக வந்த சிவப்பு ஐந்தில் (போனஸ் காய்) கை முடிகிறது. இப்படிக் கான் போட்டு வந்த காயில் முடிப்பதற்குப் பெயர் ரின்ஷான் கைஹோ. மலை முகட்டில் மலரும் பூ என்று பொருள். ‘சாக்கி’ என்ற பெயருக்கும் மலர்தல் என்றுதான் அர்த்தம்.

கூட்டிப் பார்ப்போம். ஒரே இனக் காய்கள், திறந்த கையில் (அடுத்தவர் போட்ட காயை எடுத்த கை) 5 ஹான் (கையின் மதிப்பை அளக்கும் அலகு). எல்லாம் மும்மூன்றாக இருப்பதற்கு 2. மறைத்த மூன்று செட்டுக்கு 2. மூன்று கானுக்கு 2. ரின்ஷானுக்கு 1, சிவப்பு ஐந்துக்கு 1. மொத்தம் 13, ஹானை எண்ணிச் சேர்த்த யகுமான் (உச்ச மதிப்புக் கை), 32,000 புள்ளி. ஒரு ஹான் குறைந்திருந்தாலும் யகுமான் இல்லை.

அதோடு முடியவில்லை. சாதாரணமாகத் தானே காய் எடுத்து முடித்தால் அந்த 32,000-ஐ மற்ற மூவரும் பங்கு போட்டுக் கட்டுவார்கள். சாக்கிக்கும் கோரோமோவுக்கும் உள்ள இடைவெளி மிஞ்சிப்போனால் 48,000 மாறும். இங்கே கானுக்குக் காயைக் கொடுத்தவரே முழுப் பொறுப்பு என்ற விதி இருப்பதால் 32,000-மும் கோரோமோ தலையில் விழுகிறது, இடைவெளி 64,000 மாறுகிறது. இந்த விதி பல ஆன்லைன் ஆட்டத் தளங்களில் கிடையாது. எண்ணிச் சேர்க்கும் யகுமானையே ஏற்காத விதித்தொகுப்புகளும் உண்டு. அந்த மேசையில் அதே காய்கள் அதே வரிசையில் வந்திருந்தாலும் முடிவு வேறாக இருந்திருக்கலாம். எந்த விதியில் ஆடுகிறார்கள் என்று கேட்காமல் யார் பலசாலி என்று பேசுவது, பவுண்டரி எவ்வளவு தூரம் என்று தெரியாமல் சிக்ஸரா என்று அடித்துக்கொள்கிற கதைதான்.

ஒருத்திக்கு ஒருத்தி என்ற கணக்கு

மாஜாங்கில் ஒவ்வொருவருக்கும் மூன்று எதிரிகள். இந்த ஒன்றை மனதில் வைத்தாலே பாதி ரேங்க் பட்டியல்கள் செல்லாது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் நாட்டின் சாம்பியனான மியநாகா டெருவைத் தனியாக யாராலும் தடுக்க முடியவில்லை. ஒன்ஜோஜி டோக்கியும் ஹனாடா கிராமேவும் ஒருவருக்கொருவர் தேவையான காயைப் போட்டு, பொன் சொல்லி, டெருவின் தொடர் வெற்றியை அறுக்கப் பார்க்கிறார்கள். இதில் டோக்கிக்கு எத்தனை மார்க், கிராமேவுக்கு எத்தனை மார்க் என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

டோக்கியை வைத்தே இன்னொரு குழப்பமும் உண்டு. அவளுக்கு ஒரு சுற்று முன்னால் தெரியும், அவ்வளவுதான். காயை அவள் நகர்த்துவதில்லை. ரீச்சி (இன்னும் ஒரு காய் வந்தால் முடித்துவிடுவேன் என்ற அறிவிப்பு) சொல்லும்போது பந்தயமாக வைக்கும் குச்சியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி நிறுத்துவாள். அடுத்த முறை எடுக்கும் காயில் முடிக்கப்போகிறேன் என்று அர்த்தம். ஆனால் இடையில் யாராவது ஒரு பொன் போட்டால் போதும், அந்தக் காய் பெரும்பாலும் வேறொருவர் கைக்குப் போய்விடும். மட்சுமி குரோ இதற்கு நேர் எதிர். டோரா (போனஸ் மதிப்புள்ள) காய்கள் தானாகவே அவளிடம் வந்து சேரும், ஆனால் ஒன்றைக் கீழே போட்டால் அதன்பின் வராமல் போகும். எனவே கையில் பாதியை டோரா அடைத்துக்கொள்ள, மீதியை வைத்துத்தான் கை கட்ட வேண்டும். எதிராளிகளுக்கும் டோரா தங்களிடம் வராது என்று தெரிந்துவிடுகிறது, அதற்கேற்ப ஆடுகிறார்கள். பார்க்கிற சக்தி, காயை இழுக்கிற சக்தி, எதிராளியின் கையை முடக்குகிற சக்தி, மூன்றையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

பழக்கத்தையெல்லாம் சக்தி என்று எழுதிவைப்பது இன்னொரு வியாதி. சாக்கியின் அணியில் இருக்கும் டகேய் ஹிசா நல்ல காத்திருப்பை (கை முடிய எந்தக் காய் வர வேண்டும் என்ற நிலை) விட்டுவிட்டு மோசமானதில் போய் நிற்பாள், அதிலேயே ஜெயிப்பாள். அது சக்தியா, எதிராளி எதிர்பார்க்காத இடத்தில் நிற்கும் தந்திரமா என்பது இழுபறிதான். நமக்குக் காட்டப்படுவதோ கதைக்குத் தேவையான கைகள் மட்டும். நாலு கைகளைப் பார்த்துவிட்டு ‘இவளுக்குக் கண்டிப்பாக இந்தச் சக்தி இருக்கிறது’ என்றால் அதே அணியின் ஹராமுரா நோடோக்காவே சிரிப்பாள். அப்படிப்பட்ட மாயமெல்லாம் கிடையவே கிடையாது என்று அவள் சொல்லும் வசனத்தை ஜப்பானிய ரசிகர்கள் எஸ்.ஓ.ஏ. (‘சொன்னா ஒகருதோ அரியெமாசென்’) என்று சுருக்கி, எங்கே கண்டாலும் ஒட்டிவிடுகிறார்கள்.

‘நோடோக்காவுக்குச் சக்தி இல்லை, அதனால் பட்டியலில் கடைசி’ என்பவர்களுக்கு ஒன்று. நடுநிலைப்பள்ளி அளவில் நாட்டின் தனிநபர் சாம்பியன் அவள். டோயோகோ மொமோகோ எதிராளிகளின் கண்ணிலிருந்து மறைந்து, அவள் போடும் காய்கள்கூடத் தெரியாமல் போகும்போது, பெங்குவின் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு நோடோக்கா மட்டும் அதே காய்களைப் பார்த்து ஆடிக்கொண்டிருக்கிறாள். இன்டர்நெட்டில் ஆடி ஆடிப் பழகிய அவளுக்கு எதிரில் ஆள் இருக்கிறாளா இல்லையா என்பதே முக்கியமில்லை. மேசையில் கிடக்கும் காய் மட்டும்தான் கணக்கு.