பைக்கில் ட்ரோன் கொண்டுபோகிறவர்கள் செய்யும் தவறுகள்: என் கைக்காசு போன கணக்கு

போன மாதம் காரவள்ளியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கொல்லிமலைக்கு ஏறுகிறவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்னால் கடைசியாகக் கால் ஊன்றும் இடம் அது. மூன்று பைக்கில் பையன்கள் வந்து நின்றார்கள். அதில் ஒரு 350 சிசி வண்டியின் வாலில் டாப் பாக்ஸ். ஒருவன் அதைத் திறந்து உள்ளிருந்த கறுப்பு ஹார்ட் கேஸை நண்பனுக்குக் காட்டினான். வெட்டிவைத்த ஃபோமில் ட்ரோன், ரிமோட், மூன்று பேட்டரி எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன.

"இதுலயேதான் வச்சுட்டு வர்றீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"ஹார்ட் கேஸுங்ணா. மாடியில இருந்து போட்டாக்கூட ஒண்ணும் ஆகாது."

உண்மைதான், மாடியிலிருந்து போட்டால் ஒன்றும் ஆகாது. மூன்று வருடத்துக்கு முன் என் டாப் பாக்ஸைப் பார்த்து ஒருவர் இதையே கேட்டபோது நானும் இதையேதான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். என்னால் அப்படிப் போக முடியவில்லை. அங்கே வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். மழைக்கு உறை போடு, கட்டுக்கயிற்றை இறுக்கிக் கட்டு என்பதெல்லாம் பைக் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

டாப் பாக்ஸில் வைப்பது

அரசுப் பேருந்தின் கடைசி சீட்டில் ஒருமுறையாவது பயணம் செய்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதே வேகத்தடையில் நடு சீட்டுக்காரர் லேசாக அசைவார், கடைசி சீட்டுக்காரரைத் தூக்கிப் போடும். பின் அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எதற்கும் அந்தக் கதிதான். டாப் பாக்ஸ் கேரியர் கம்பியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. குழி வந்தால் துள்ளும். குழியே இல்லாத ரோட்டிலும் ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு அந்தக் கம்பி வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். ஹார்ட் கேஸ் அடியைத் தாங்கும். அதிர்வை அப்படியே உள்ளே விட்டுவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். கேமராவைத் தாங்கும் ஜிம்பலைப் பிடித்திருப்பவை குட்டி மோட்டார்கள். ட்ரோன் ஆனில் இருக்கும்வரை அவை கேமராவை அசையாமல் வைத்திருக்கும். ஆஃப் செய்துவிட்டால் பிடி போய்விடும், கேமரா தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைதான். சின்னச் சின்ன ரப்பர்களில் தொங்கும் அந்தத் தலைக்குள், காகிதம் போன்ற ஒரு கேபிள் மடிந்து மடிந்து போகிறது. இதை நான்கு மணி நேரம் உலுக்கிக்கொண்டே போனால் எது முதலில் போகும் என்பதுதான் கேள்வி.

2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: சக்திவாய்ந்த பெரிய எஞ்சின் உள்ள மோட்டார் சைக்கிள்களில் ஐபோனைப் பொருத்தாதீர்கள், அதிர்வால், கேமராவை நிலைப்படுத்தும் பாகங்கள் கெடக்கூடும் என்று. போனுக்குள் அசைவது ஒரு துளி லென்ஸ். ட்ரோனில் கேமரா முழுவதுமே அந்தரத்தில் இருக்கிறது.

என்னுடையது ஒரே நாளில் போகவில்லை. போயிருந்தால் காரணமாவது சட்டென்று தெரிந்திருக்கும். ஜவ்வாது மலையில் எடுத்த வீடியோவில் அடிவானம் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. காற்று என்று நினைத்தேன். ஜிம்பலை காலிபரேட் செய்து நேராக்கினேன், இரண்டு பயணத்துக்குச் சரியாக இருந்தது. பிறகு ஏற்காட்டில் எடுத்ததெல்லாம் தட்டில் வைத்த ஜெல்லி மாதிரி நடுங்கியது. இறக்கைமேல் பழி போட்டேன். புது செட் வாங்கி மாட்டினேன். மூன்றாவது, இதே கொல்லிமலை. 70 வளைவும் ஏறி, சீக்குப்பாறை காட்சிமுனையில் மூடியைத் திறந்தால், கேமரா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறது. ஆன் செய்தேன். இரண்டு முறை உதறிவிட்டு மறுபடி தொங்கியது. திரையில் ஜிம்பல் மோட்டார் ஓவர்லோட் என்று எச்சரிக்கை. கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம். அப்படி ஒரு காலை அதற்குப் பிறகு எனக்கு அங்கே வாய்க்கவே இல்லை.

பழுது பார்ப்பவர் கையில் வாங்கிப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பைக்லயா கொண்டுபோறீங்க?" கேமராவோடு ஜிம்பலை மொத்தமாக மாற்றியதில், ட்ரோன் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு போனது. பாகம் வர ஏழு வாரம். பேசாமல் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றால், வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியிலேயே அரசு தடை போட்டுவிட்டது.

இன்றைக்கும் எரிச்சலூட்டுவது அந்தப் பணம்கூட இல்லை. கேமராவை ஆடாமல் பிடித்துவைக்க ட்ரோனோடு வந்த ஜிம்பல் கவர், அந்தப் பத்துக் கிராம் பிளாஸ்டிக், அத்தனை நாளும் என் வீட்டு மேஜை டிராயரில் கிடந்தது. ஒவ்வொரு முறையும் கேமராவை நேராக்கி அதை மாட்டுவது நச்சு வேலை. ஹார்ட் கேஸ் இருக்கும்போது அது எதற்கு என்று எடுத்து வைத்தவன் நான்தான்.

இப்போது கவரை மாட்டி, ட்ரோனைச் சாஃப்ட் பவுச்சில் போட்டு, பின் சீட்டில் என் இடுப்பை ஒட்டிக் கட்டும் டெய்ல் பேக்கில் வைக்கிறேன். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் வண்டி குறைவாகத் துள்ளுகிற இடம் அது. பவுச்சுக்கு அடியில் நான்காக மடித்த கைலி. கடையில் விற்கும் எந்த ஃபோமும் இதற்கு ஈடில்லை என்பது என் கட்சி. இரவு கட்டிக்கொள்ளவும் ஆகும். ஃபோம்தான் வேண்டும் என்றால் அது ட்ரோனின் உடம்பைப் பிடிக்க வேண்டும், கேமராவில் படவே கூடாது. கவரை மாட்டும்போது கேமரா நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கோணலாக வைத்து அழுத்தினால் கவரே ஜிம்பலைக் கெடுக்கும்.

காரவள்ளிப் பையன் பாதி நம்பினான். கேஸை எடுத்துப் பின்னால் உட்கார்ந்தவன் மடியில் வைத்தான். மடியில் வாங்கிக்கொண்டவன் என்னை ஒரு பார்வை பார்த்தான், இன்னும் மறக்கவில்லை.

அப்போ முதுகுப் பையில் போட்டுக்கலாமா?

ட்ரோனுக்கு நல்லது. உடம்பைப் போன்ற ஷாக் அப்சார்பர் வேறில்லை. ஆனால் வண்டி சறுக்கி மல்லாந்து விழுந்தால் முதுகெலும்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது அந்தப் பைதான். அதில் ஹார்ட் கேஸோ, ட்ரைபாடோ, ரிமோட்டோ இருக்கக் கூடாது. சாஃப்ட் பவுச்சில் ட்ரோன் மட்டும் என்றால் போடலாம், உள்ளே பேக் புரொடெக்டர் உள்ள ஜாக்கெட்டோடு. ஜாக்கெட் இல்லாமல் பயணம் போகிறவர்களிடம் ட்ரோனைப் பற்றி எனக்குப் பேச்சில்லை.

காந்தம் வைத்த டேங்க் பேக்

இது பலருக்குத் தெரியாது. டேங்கில் ஒட்டுவதற்காக அந்தப் பையின் அடியில் பலமான காந்தங்கள் இருக்கும். ட்ரோனுக்குள் இருப்பது திசை பார்க்கும் காம்பஸ். காலை முழுக்க இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு மதியம் பறக்கவிட்டால் காம்பஸ் பிழை காட்டும். சில சமயம் காட்டாமலேயே மேலே போய் வட்டமடிக்கும். டேங்க் பேக்கில் பிஸ்கட் வையுங்கள், ரெயின்கோட் வையுங்கள்.

இதே காரணத்தால் வண்டி சீட்டிலிருந்தோ டேங்க் மேலிருந்தோ ட்ரோனைக் கிளப்பாதீர்கள். வீடியோவுக்கு நன்றாகத்தான் இருக்கும். அடியில் இருப்பது அத்தனையும் இரும்பு.

பேட்டரி

இரண்டு தவறு. முதலாவது, எல்லாவற்றையும் முழு சார்ஜில் வைத்தே வாரக்கணக்கில் சுற்றுவது. லித்தியம் பேட்டரிக்கு நிம்மதியான நிலை பாதி சார்ஜ்தான். மறுநாள் பறக்கப் போவதை மட்டும் முந்தின இரவு நிரப்புங்கள். பயணம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் வண்டி கழுவுவதற்கு முன்னால் சார்ஜைப் பாருங்கள்.

இரண்டாவது, வண்டியின் பக்கவாட்டில் தொங்கும் சேடில் பேக்கில், சைலன்ஸர் பக்கத்தில் வைப்பது. மே மாதம் கரூர் பக்கம் மதியம் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், கறுப்புப் பைக்குள் கை விட்டால் என்ன சூடு என்று. அதோடு சைலன்ஸர் சூடும் சேர்ந்தால் பேட்டரி உப்பும். உப்பிய பேட்டரியை அழுத்தி உள்ளே தள்ளிப் பறக்கவிட்ட ஒரு மகானை எனக்குத் தெரியும். அவர் ட்ரோனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது பேட்டரிப் பையைக் கையோடு எடுத்துப் போங்கள். வெயிலில் நிற்கிற வண்டிதான் ஓடுகிற வண்டியைவிட மோசம்.

ரிமோட்டின் குச்சிகளைக் கழற்றாமல் வைப்பது

கழற்றுங்கள். அவற்றை வைக்க ரிமோட்டிலேயே பள்ளம் கொடுத்திருக்கிறான்.

மலையிலிருந்து இறங்கியதும் திறப்பது

ஊட்டிக் குளிரில் இருந்த ட்ரோனை மேட்டுப்பாளையம் புழுக்கத்தில் வெளியே எடுத்தால், ஐஸ் தண்ணீர் டம்ளர்போல் வேர்க்கும். லென்ஸில் வேர்ப்பதைத் துடைக்கலாம், உள்ளே வேர்ப்பதை என்ன செய்வீர்கள்? பையை மூடியபடியே அரை மணி நேரம் விடுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு இருக்கட்டும்.

மெமரி கார்டு

சட்டைப் பைக்கு. ட்ரோன் தொலைந்தாலும் நேற்றைய வீடியோ மிஞ்சும்.

"ட்ரோன் 249 கிராம்தானே, யார் கேட்பா?"

2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ வகை, ட்ரோன் ஓட்டுவதற்கான பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதற்காக எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம் என்றில்லை. எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பாக (அனுமதியில்லாமல் பறக்கக் கூடாது என்று) இருக்கும் இடம் நானோவுக்கும் சிவப்புதான். பெரிய பேட்டரி மாட்டினால் சில மாடல்கள் 250-ஐத் தாண்டிவிடும் என்பதையும் பாருங்கள்.

காட்டுக்குள் எடை எத்தனை என்று யாரும் கேட்க மாட்டார்கள். வால்பாறை ரோட்டில் ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஆனைமலைப் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ட்ரோனை ஏற்றக் கூடாது. அந்த ரோட்டில் போகும் நாட்களில் நான் ட்ரோனைப் பொள்ளாச்சியில் நண்பன் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன். பின் சீட்டில் கைலி மட்டும் வரும்.