போர்டு கேமுக்கு கிக்ஸ்டார்ட்டர்: முதலில் பெட்டியை அளந்து பாருங்கள்

சொந்தமாக போர்டு கேம் செய்து, பொருள் தயாராகும் முன்பே இணையத்தில் பலரிடம் பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் தளத்துக்குப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் ஓவியரைத்தான் முதலில் தேடுகிறார்கள். அதற்கு முன்னால் அளவுகோலை எடுங்கள். பெட்டி எத்தனை சென்டிமீட்டர், எடை எவ்வளவு, அட்டை எத்தனை என்று தெரியாமல் இலக்குத் தொகையை எழுதினால், பணம் வந்து சேர்ந்த பிறகுதான் அது போதாது என்பது தெரியும்.

இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்துகொண்டு கிக்ஸ்டார்ட்டரில் நேரடியாகத் திட்டம் தொடங்க முடியாது. சிங்கப்பூர், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வசிப்பவர்கள் தொடங்கலாம். அங்கே கூட்டாளி இருந்தால், வரும் பணம் யார் கணக்கில் விழும், வரி யார் தலையில் விழும் என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆட்டத்தில் கையில் பிடிக்கும் அட்டை. வழக்கமான போக்கர் சீட்டு அளவு 63×88 மி.மீ. பல அச்சகங்கள் ஒரு தாளில் இதை 54 ஏற்றுகின்றன. 108 அட்டை என்றால் இரண்டு தாள். 112 ஆனால் மூன்றாவது தாள் போட வேண்டும். அதில் 50 இடம் வீண். அந்த நான்கு அட்டை இல்லாமல் ஆட்டம் நடக்குமா என்று ஆடிப் பாருங்கள். பெரும்பாலும் நடக்கும்.

கொட்டேஷன் கேட்கும்போது "நல்ல அட்டை" என்று எழுதாதீர்கள். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்), வெளிச்சத்தில் மறுபக்கம் தெரியாதபடி நடுவில் கறுப்பு அல்லது நீலப் படலம் உள்ள பிளாக் கோர் அல்லது புளூ கோர், துணி போன்ற மேற்பரப்புள்ள லினன் ஃபினிஷ், பெட்டிக்கு 2 மி.மீ. கிரே போர்டு (கெட்டியான சாம்பல் நிற அட்டை) என்று குறிப்பிடுங்கள். பின் அடிக்கும் ரூல் புக்கின் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 500, 1,000, 2,000 பிரதிகளுக்குத் தனித்தனி விலை வாங்குங்கள். சிவகாசியில் அச்சடிப்பதாக இருந்தால், அட்டைகளை வரிசை மாறாமல் அடுக்கிச் சுற்றித் தருவார்களா, மூலையை வட்டமாக வெட்டுவார்களா என்று மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெட்டியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விமான கூரியர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுக்கின்றன. அந்த எண், உண்மையான எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 30×30×7 பெட்டிக்கு வெளி அட்டைப்பெட்டி 32×32×9 ஆகும், கணக்கில் 1.84 கிலோ. அதே சாமான்களை 20×20×5 பெட்டியில் அடக்கினால் வெளி அளவு 22×22×7, கணக்கில் 0.68 கிலோதான். சாமானின் எடை 900 கிராம் என்றால், பெரிய பெட்டியில் பாதிக் காசு காற்றுக்குப் போகிறது. கடையில் எடுப்பாகத் தெரிய பெரிய பெட்டிதான் நல்லது என்பார்கள். நீங்கள் இன்னும் கடைக்கே போகவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், தொகைகள் உதாரணத்துக்கு. ஆட்டம் 25 டாலர், அஞ்சல் 8 டாலர், வாங்குவோர் 500 பேர். கிக்ஸ்டார்ட்டர் பக்கத்தில் 16,500 டாலர் என்று காட்டும். அஞ்சல் பணமும் இலக்கில் சேர்வதால் வரும் மயக்கம் இது. கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுக்கும். பணம் வசூலிக்கும் கட்டணம் அமெரிக்காவில் 3 சதவீதமும் ஆளுக்கு 20 சென்ட்டும். இரண்டும் சேர்ந்து 1,420. பணம் எடுக்க முடியாமல் போகும் வங்கிக் கார்டுகளுக்கு 330, அஞ்சலுக்கு 4,000 கழியுங்கள். 1,000 பிரதி அச்சடிக்க 5,000. கப்பல், சுங்கம், கிடங்குக்கு 1,200. ஓவியம், லேஅவுட்டுக்கு 3,000. விளம்பரம், மாதிரிகளுக்கு 1,000. கையில் மிஞ்சுவது 550 டாலர். விற்காமல் அடுக்கியிருக்கும் 500 பெட்டிதான் உங்கள் லாபம். அதை எங்கே விற்பது என்பதற்கும் இப்போதே வழி தேடுங்கள்.

வரியையும் மறக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் சிறிய பார்சலுக்கும் வாட் (மதிப்புக் கூட்டு வரி) உண்டு. சீனாவில் அச்சடிப்பதாக இருந்தால் இதையும் பாருங்கள்: சீனப் பொருட்கள் மீதான அமெரிக்கச் சுங்க வரி 2025 ஏப்ரலில் 145 சதவீதம் வரை ஏறி, மே மாதம் இறங்கியது. அந்த இடைவெளியில் கப்பலில் சரக்கு வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். வரியும் அஞ்சலும் பொருள் அனுப்பும் சமயத்து விலையில் பின்னர் வசூலிக்கப்படும் என்று பக்கத்தில் தெளிவாக எழுதிவிடுங்கள்.

திட்டம் 60 நாள் வரை ஓடலாம்; 30 போதும். முதல் நாள் கூட்டம் வரும், நடுவில் ஈ ஓட்டுவீர்கள், கடைசி 48 மணி நேரத்தில் மறுபடி வேகமெடுக்கும். முதல் நாள் ஆள் இல்லாத பக்கத்துக்கு அப்புறமும் ஆள் வருவதில்லை. ஆகவே முன்னறிவிப்புப் பக்கத்தைச் சில மாதங்களுக்கு முன்பே திறந்து பெயர் சேருங்கள். பின்தொடர்பவர் ஐந்து பேரில் ஒருவர் வாங்குவார் என்று மட்டும் வைத்துத் திட்டமிடுங்கள். நீங்கள் வாய் திறக்காமல், ரூல் புக்கை மட்டும் படித்து அந்நியர்கள் ஆடிப் பார்ப்பதும் இந்த மாதங்களில் முடிய வேண்டும்.

பணம் குவியும்போது "இன்னும் ஆயிரம் வந்தால் மரக் காய்கள்" என்று அறிவிக்கக் கை துறுதுறுக்கும். 900 கிராம் பெட்டியில் 120 கிராம் மரம் சேர்ந்தால் 1 கிலோவைத் தாண்டும். பல அஞ்சல் துறைகளில் அது அடுத்த ஸ்லாப், அதாவது அடுத்த கட்டணப் படி. எடை கூடாத மேம்பாட்டுக்கு மட்டும் வாக்குறுதி கொடுங்கள்.

திட்டம் முடிந்து சுமார் இரண்டு வாரத்தில் பணம் வரும். அதற்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். 2012-இல் ஒரு போர்டு கேமுக்கு 35,000 டாலர் கேட்டு 1,22,000-க்கு மேல் திரட்டியவர், பெரும்பகுதியைச் சொந்தச் செலவில் கரைத்தார் என்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2015-இல் நடவடிக்கை எடுத்தது. கிரவுட்ஃபண்டிங் (இப்படிப் பலரிடம் பணம் திரட்டுவது) தொடர்பாக அந்த அமைப்பு எடுத்த முதல் வழக்கு அது.

மொத்த அச்சுக்கு முன் தொழிற்சாலை அனுப்பும் மாதிரியைக் கலைத்து, முதுகுப் பக்கம் மேலே வரும்படி வெயிலில் பரப்புங்கள். இரண்டு தாளில் அச்சான அட்டைகளின் நிறம் சற்றே மாறியிருந்தால், எதிராளி கையில் என்ன அட்டை என்று கண்டுபிடித்துவிடலாம், ஆட்டமே போயிற்று. முதுகில் மெல்லிய கரை போட்டிருந்தால் வெட்டு அரை மி.மீ. நகர்ந்தாலும் கண்ணில் குத்தும். கரையை எடுத்துவிட்டு, நான்கு பக்கமும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் நிறப் பகுதி) விடுங்கள்.

சீனப் புத்தாண்டை ஒட்டி அங்குள்ள தொழிற்சாலைகள் சில வாரங்கள் மூடிக்கிடக்கும். டெலிவரி தேதி சொல்லும்போது அதையும் கணக்கில் சேருங்கள். பெட்டிகள் வந்ததும் 30 பிரதிகளை விற்காமல் ஒதுக்கி வையுங்கள். அட்டை குறைகிறது, மூலை நசுங்கியது என்று கடிதங்கள் வரத்தான் செய்யும். இரண்டு அட்டைக்காக யாரும் மறுபடி மெஷின் ஓட்ட மாட்டார்கள்.