டிபி மருந்து எதிர்ப்பு மரபணுச் சோதனை: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்து லேப்களில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் வருஷா வருஷம் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கையுறை போடுவது, டியூபில் நம்பர் எழுதுவது எல்லாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பேசுவது லைன் புரோப் சோதனை. சளியில் உள்ள கிருமியின் டிஎன்ஏவை பிசிஆரில் பெருக்கி, பட்டையில் விழும் கோடுகளைப் படித்து, டிபி மருந்துகளான ரிஃபாம்பிசினும் ஐசோனியசிடும் கேட்குமா கேட்காதா என்று சொல்கிற வேலை.

பிசிஆர் அறையிலிருந்து திரும்பி வருவது

இதுதான் இன்றைக்கும் ஆத்திரத்தைக் கிளப்பும் தவறு. மாஸ்டர் மிக்ஸ் (பிசிஆருக்கான ரசாயனக் கலவை) தயாரிக்கும் அறை, டிஎன்ஏ சேர்க்கும் அறை, பெருக்கிய பிறகு டியூபைத் திறக்கும் அறை. போக்கு எப்போதும் ஒரே திசையில்தான். மூன்றாவது அறையில் நின்றவர் அன்றைக்கு முதல் அறைக்குள் வரவே கூடாது. ஆனால் நடப்பது என்ன? லேப் கோட்டை மட்டும் கழற்றிவிட்டு, அதே பேனா, அதே நோட்டு, அதே செல்போனோடு வந்து நிற்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ இரட்டிப்பாகிறது. ஒழுங்காக ஓடினால் 30 சுற்றில் ஒரு துண்டு சுமார் 107 கோடி ஆகிறது. 50 மைக்ரோலிட்டர் டியூபின் மூடியைத் திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் தெறிக்கும் துளியிலேயே லட்சக்கணக்கில் இருக்கும். அதில் ஒன்றிரண்டு மாஸ்டர் மிக்ஸில் விழுந்தாலே போதும்.

கோடு தப்பாக விழுவதோடு இது முடிவதில்லை. ரிஃபாம்பிசின் எதிர்ப்புள்ள ஒருவரின் துண்டு, எதிர்ப்பில்லாத இன்னொருவரின் டியூபில் கலந்தால், பட்டையில் இயல்புக் கோடும் (மாறாத மரபணுவுக்கானது) மாற்றக் கோடும் (எதிர்ப்பு தரும் மாற்றத்துக்கானது) சேர்ந்தே தெரியும். ஒரே நோயாளியின் உடலில் இரு வகைக் கிருமிகள் இருந்தாலும் இதே தோற்றம்தான். பட்டையை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. காசிமேட்டில் மீன் கூடை தூக்கிப் பிழைக்கும் ஒருவருக்கு, தேவையே இல்லாமல் எதிர்ப்பு டிபி மருந்துகள் தொடங்கப்படும். காரணம் ஒரு பேனா.

இதைக் காட்டிக்கொடுப்பது நெகட்டிவ் கன்ட்ரோல்தான், அதாவது டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர் சேர்த்த டியூப். அதை முதலிலேயே ஊற்றி மூடி வைத்துவிட்டால் அது எதையும் காட்டாது. எல்லா மாதிரிகளும் முடியும்வரை மூடாமல் வைத்து, கடைசியாகத் தண்ணீரைச் சேருங்கள். 45 மைக்ரோலிட்டர் மிக்ஸ், 5 மைக்ரோலிட்டர் தண்ணீர். டிஎன்ஏ பிரிக்கும் கட்டத்திலிருந்தே வரும் வெற்று மாதிரி தனியாக ஒன்று வேண்டும். நெகட்டிவ் பட்டையில் இரண்டு கட்டுப்பாட்டுக் கோடுகள் (பட்டை வேலை செய்தது, பெருக்கல் ஓடியது என்று காட்டுபவை) மட்டுமே இருக்க வேண்டும். டிபி கோடு லேசாகத் தெரிந்தாலும் அந்த பேட்ச் முழுவதையும் தள்ளிவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். "அந்த ஒரு பட்டை மட்டும்தானே" என்று ரிப்போர்ட் அனுப்பாதீர்கள்.

ஸ்பிரிட்டால் துடைப்பது

ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும், டிஎன்ஏவை அழிக்காது. 1% ஹைப்போகுளோரைட் (ப்ளீச் கரைசல்) வேண்டும். 5% கேன் என்றால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர், அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். 10 நிமிடம் விட்டு, பிறகு தண்ணீரில் துடையுங்கள். மிச்சம் நின்றால் பிசிஆரே ஓடாது. நம் ஊர் வெயிலில் மாடியில் கிடந்த கேனில் சத்து இறங்கியிருக்கும், அதை நம்பாதீர்கள்.

ஹைப்போகுளோரைட்டோடு குவானிடின்

டிஎன்ஏ பிரிக்கும் சில கரைசல்களில் இருக்கும் ரசாயனம் குவானிடின். இரண்டையும் சேர்க்கவே கூடாது. விஷ வாயு வரும்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் திறப்பது

கடற்காற்றின் ஈரம் குளிர்ந்த டியூபின் மேல் உடனே துளித்துவிடும். முழுதும் உருகட்டும், வெளியே துடைத்து, சென்ட்ரிஃபியூஜில் சில நொடி ஸ்பின் செய்துவிட்டுத் திறங்கள்.

மங்கலான கோட்டை எண்ணுவது

ஒரு கோட்டைக் கணக்கில் எடுக்க, அது பெருக்கல் கட்டுப்பாட்டுக் கோட்டின் அளவுக்காவது அழுத்தமாக இருக்க வேண்டும்.

மாற்றக் கோடு இல்லை என்பதால் எதிர்ப்பு இல்லை என்பது

கிருமியின் ஆர்பிஓபி (rpoB) மரபணுவில் 81 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு பகுதியில்தான் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு மாற்றங்களில் பெரும்பாலானவை விழுகின்றன. இந்த மரபணுவுக்குப் பட்டையில் உள்ள மாற்றக் கோடுகள் நான்கே நான்கு. மற்ற மாற்றம் எதுவானாலும் இயல்புக் கோடு ஒன்று காணாமல் போவதுதான் ஒரே தடயம். அதை எதிர்ப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தைப் பாதிக்காத மாற்றத்தாலும் கோடு மறையலாம் என்பதால், சந்தேகம் இருந்தால் சீக்வென்சிங்கிற்கு (டிஎன்ஏவை எழுத்து எழுத்தாகப் படிக்கும் சோதனைக்கு) அனுப்புங்கள்.