புதிய வேலையில் பிஎஃப் பிடித்தம் வேண்டாம் என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் எல்லாராலும் முடியாது. வேலையில் சேரும்போது அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து மாதம் 15,000 ரூபாயைத் தாண்ட வேண்டும். இதற்கு முன் பிஎஃப் உறுப்பினராக இருந்திருக்கவும் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான்: கைக்கு வரும் சம்பளம் 28,000, ஆனால் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்த்து 14,000தான் என்றால் பிடித்தம் கட்டாயம். ஆஃபர் லெட்டரில் 'பேசிக்' (அடிப்படைச் சம்பளம்) என்று போட்டிருக்கும் தொகையைப் பாருங்கள்.

தகுதி இருந்தால் சேரும்போதே பிஎஃப் உறுதிமொழிப் படிவமான படிவம் 11-ஐ நிரப்பி, முன்பு உறுப்பினரா என்ற கேள்விக்கு 'இல்லை' எனக் குறித்து, முதல் சம்பளம் போடும் முன்பே எச்ஆரிடம் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கணக்கை மறைத்தால் ஆதார் வழியாகத் தெரிந்துவிடும். ஒரு மாதம் பிடித்துவிட்டாலும் உறுப்பினர்தான். வேலையில் இருக்கும்வரை விலக வழியில்லை. சேரும்போதே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நிறுவனம் போடும் 12 சதவீதமும் கணக்கில் சேராது, அதைச் சம்பளத்தில் தருவார்களா என்று முதலில் கேளுங்கள்.