பார்க்ல கல்யாணமா? பத்திரிகை அடிச்சிடுங்க

பார்க்ல சின்னதா கல்யாணம் பண்றவங்க, இருபது பேர்தான வர்றாங்கன்னு வாட்ஸ்அப்லயே கூப்பிட்டு முடிச்சிடாதீங்க, பார்க் பேரு, தெரு, தேதி, நேரம் போட்டு கொஞ்சம் பத்திரிகை அடிச்சு வெச்சுக்கோங்க. கோயில்லயோ மண்டபத்துலயோ நடந்தா ரசீது கையில இருக்கும், ராயபுரம் ராபின்சன் பார்க்ல மாலை மாத்துனா என்ன இருக்கு? பதிவு ஆபீஸ்ல கல்யாணம் நடந்ததுக்கு ஆதாரம் கேக்கும்போது பத்திரிகையும் தாலி கட்டுற போட்டோவும்தான் கைகொடுக்கும். ஐயர், ஹோமம் இல்லாட்டியும் பரவால்ல, ரெண்டு பேரும் இந்துவா இருந்தா சுயமரியாதைக் கல்யாணம் தமிழ்நாட்டுல 1968லருந்தே சட்டப்படி செல்லும், சொந்தக்காரங்களோ ஃப்ரெண்ட்ஸோ முன்னாடி மாலை மாத்துனாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டுனாலோ போதும் (பார்க்ல நெருப்பு மூட்ட எவன் விடப்போறான், அந்த வகையில நல்லதுதான்). பதிவை மட்டும் 90 நாளுக்குள்ள முடிச்சிடுங்க, தாண்டுனா கூடுதல் பீஸ். கல்யாணத்துக்கு முன்னாடியே பார்க்ல நடத்த கார்ப்பரேஷன் மண்டல ஆபீஸ்ல அனுமதிய எழுத்துல வாங்கிக்கோங்க, வாட்ச்மேன் அண்ணன் சரின்னு தலையாட்டுனது கணக்குல வராது.

பொண்ணும் மாப்பிள்ளையும் வேற வேற மதம்னா இந்த சுயமரியாதை முறை உதவாது, ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல 30 நாள் நோட்டீஸ் குடுத்து ரிஜிஸ்ட்ரார் முன்னாடிதான் பண்ணனும், பார்க்ல நடக்குறது வெறும் விழாதான்.