ரேடியோ அலைச் சூட்டுக்கும் புழு தப்புவது ஏன்?

அறுவடை செய்த தானியத்தையும் கொட்டைகளையும் ரேடியோ அலையால் சூடேற்றிப் பூச்சியை ஒழிப்பதில் புகைமருந்தும் இல்லை, நஞ்சின் எச்சமும் இல்லை. ஆனால் சராசரி வெப்பநிலையை நம்பினால் காரியம் கெட்டுவிடும்.

பெரும்பாலான கருவிகள் 27.12 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே மின்புலம் நொடிக்குச் சுமார் 2.7 கோடி முறை மாறி மாறி அடிக்க, சரக்கு உள்ளிருந்தே சூடாகிறது. ஆனால் சீராக அல்ல. செவ்வகத் தட்டில் மூலைகளும் விளிம்புகளும் முந்திக்கொள்ளும், நடுப்பகுதி பின்தங்கும். வால்நட்டைத் தாக்கும் நேவல் ஆரஞ்சுப் புழுவின் முதிர்ந்த பருவம் 54 டிகிரி செல்சியஸில் 1 நிமிடத்தில் செத்துவிடும். 50 டிகிரியில் அதற்கே சுமார் 15 நிமிடம் பிடிக்கும். நான்கு டிகிரி பின்தங்கிய கொட்டைக்குள் இருக்கும் புழுவுக்குக் கிடைத்தது வெறும் கதகதப்புதான். ஆகவே மிகக் குளிர்ந்த இடத்தைத் தேடி அளந்து, அதை வைத்து நேரத்தைக் கணக்கிடுங்கள். இடையில் ஒருமுறை கிளறிவிடுவதும், சுற்றிலும் சூடான காற்றைச் செலுத்துவதும் நல்ல பலன் தரும்.

ஈரம் வேறுபட்ட சரக்குகளை ஒன்றாகக் கொட்டுவது அடுத்த தவறு. ஈரமானது கூடுதலாகச் சூடாகும், காய்ந்தது பின்தங்கும். பூச்சியின் உடலில் ஈரம் அதிகம் என்பதால் அதுவே முதலில் வெந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அதை நம்பி நேரத்தைக் குறைப்பது அசட்டுத் துணிச்சல்.

பூச்சியைக் கொல்லும் சூடு கிருமியையும் கொல்லும் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. காய்ந்த உணவில் சால்மோனெல்லா வெப்பத்தை வெகுவாகத் தாங்கும். அதற்குப் பெரும்பாலும் 70 டிகிரிக்கு மேல், நிமிடக்கணக்கில் சூடு வேண்டும். விதைக்கு வைத்த தானியத்தில் அந்தச் சூட்டை ஏற்றினால் முளைப்புத்திறன் போய்விடும். எது நோக்கம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இயங்கும் கருவிக்குள் உலோக வெப்பமானியை வைக்காதீர்கள்: அளவும் பொய்க்கும், தீப்பொறியும் பறக்கலாம். அங்கே ஒளியைக் கொண்டு வெப்பத்தை அளக்கும் கண்ணாடி இழை உணரிதான் சரி. சரக்கில் கலந்த ஆணி, கம்பித் துண்டுகளையும் முன்பே பொறுக்கிவிட வேண்டும்.

சூடு ஆறாமல் மூட்டை கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கொட்டையென்றால் சிக்கு வாடையும் வரும். காற்று செலுத்தி ஆறவைத்து, பூச்சி புகாத பையில் உடனே அடையுங்கள். ரேடியோ அலை எந்தப் பாதுகாப்பையும் விட்டுச் செல்வதில்லை. திறந்து கிடக்கும் சரக்கில் அந்துப்பூச்சி அன்றைக்கே மறுபடி முட்டையிடலாம்.