செர்ரி இறால் தொட்டி: திருநெல்வேலிப் பக்கம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் செர்ரி இறால் எனப்படும் சின்னச் சிவப்பு நன்னீர் இறால் இருபது வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் விட்டால் முதல் சில நாள் ஒரு குறையும் தெரியாது. பிறகு தினம் ஒன்றாகச் சாகத் தொடங்கும். உடனே நோய் என்று நினைத்து மருந்து தேடுகிறார்கள். பெரும்பாலும் அது நோயே இல்லை. இறால் தண்ணீரின் குறையை ஓரளவு தாங்கும். தண்ணீர் சட்டென்று மாறுவதைத் தாங்காது. நம் ஊர் வீடுகளில் தண்ணீர் மாறிக்கொண்டேதான் இருக்கிறது.

மேற்கே பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கம் தாமிரபரணித் தண்ணீரில் உப்பு குறைவு. ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துப் போர் தண்ணீரோ பல இடங்களில் வாயில் வைக்க முடியாத கரிப்பு. நெல்லை, பாளையங்கோட்டை வீடுகளின் சிக்கல் வேறு. ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் அதுவும், வராத நாளில் போர் தண்ணீரும் ஒரே மாடித் தொட்டியில் ஏறுகின்றன. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் திங்களன்று குழாயில் 150 காட்டினால், வியாழனன்று 700 காட்டலாம். குழாயைத் திறந்து நேராகத் தொட்டியில் விடுவதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு. இறாலுக்கென்று மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம் ஒன்றைத் தனியாக வைத்து, பிடிக்கும்போதெல்லாம் அளந்து, ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே பயன்படுத்த வேண்டும். மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரினை முறிக்கும் ஆன்ட்டி குளோரினும் சேர்க்க வேண்டும்.

செர்ரி இறாலுக்கு டி.டி.எஸ். 150 முதல் 250, ஜி.எச். (கால்சிய, மக்னீசிய அளவு) 6 முதல் 8, கே.எச். (கார்பனேட் அளவு) 2 முதல் 6, பி.எச். (அமில, கார அளவு) 6.5 முதல் 8 வரை இருந்தால் நல்லது. போர் தண்ணீர் 800, ஆர்.ஓ. தண்ணீர் 20 என்றால், ஒரு பங்கு போருக்கு மூன்று பங்கு ஆர்.ஓ. கலந்தால் 215 வரும். ஆனால் மீட்டரை மட்டும் நம்பக்கூடாது. அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்தே காட்டும். கடலோரத் தண்ணீரில் பெரும்பகுதி சமையல் உப்பாக இருக்கலாம். இறால் ஓட்டுக்குத் தேவை கால்சியமும் மக்னீசியமும். அதை ஜி.எச். சோதனைச் சொட்டு மருந்துதான் சொல்லும். மீட்டருக்கு அடுத்து காசு செலவழிக்க வேண்டியது இதற்கே. வீட்டில் கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் பொருத்தியிருந்தால் அதிலிருந்து வரும் தண்ணீரை எடுக்கவே கூடாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கிறது. ஆற்றுத் தண்ணீர் மட்டும் வரும் வீட்டில் ஜி.எச். மூன்று, நான்கில் நின்றால் தூத்துக்குடிக் கடற்கரையில் கிடைக்கும் கணவாய் ஓட்டைக் கழுவி, வேகவைத்து, விரல் அளவுத் துண்டாகப் போடலாம். மெதுவாகக் கரைந்து கால்சியம் தரும்.

சுண்ணாம்புச் சத்து குறைந்தாலும், தண்ணீர் திடீரென மாறினாலும் ஓடு உரிக்கும்போதுதான் இறால் சாகும். நல்லபடியாக உரித்தால் கழுத்துப் பக்கம் ஓடு பிளந்து உடல் வெளியே வரும். கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் விழுந்து, வெளியே வர முடியாமல் கிடந்தால் அது தப்புவது அரிது. வாரம் பாதித் தண்ணீரை மாற்றுவது மீன் தொட்டிப் பழக்கம். இறாலுக்கு அது ஆகாது. அதே வெப்பம், அதே டி.டி.எஸ். உள்ள தண்ணீரை வாரம் 10 முதல் 15 சதவீதம் மாற்றினால் போதும். உரித்த ஓட்டைப் பிணம் என்று எண்ணி எடுத்து எறிய வேண்டாம். ஓடு கண்ணாடிபோல் வெறுமையாக இருக்கும், செத்த இறால் வெளுத்தோ இளஞ்சிவப்பாகவோ மாறியிருக்கும். ஓட்டை அவையே தின்றுவிடும்.

புதிதாக வாங்கியவற்றைப் பையைப் பிரித்ததும் கொட்டுவதும் அதே மாற்றம்தான். பைத் தண்ணீரோடு சின்ன வாளியில் விட்டு, காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை நொடிக்கு இரண்டு சொட்டாக இறக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் சுமார் 700 மில்லி ஏறும். பிறகு இறாலை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும். வாளித் தண்ணீர் தொட்டிக்குப் போகக்கூடாது.

இனி வெயில். செர்ரிக்கு 22 முதல் 26 டிகிரி உகந்தது, 28 வரை சமாளிக்கும். அக்னி நட்சத்திரத்தில் மாடி வீட்டுத் தொட்டி 32ஐத் தாண்டிவிடும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5தான். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நஞ்சும் சூட்டில் கூடும். ஐஸ் கட்டியைக் கொட்டுவதால் வெப்பம் இறங்கி ஏறி, இருப்பதையும் கொல்லும். மேல்மூடியை எடுத்துவிட்டு, நீர்ப்பரப்பின்மேல் சின்ன மின்விசிறி ஓடவிட்டால் 2 முதல் 4 டிகிரி குறையும்.

ஆனால் பலரும் தோற்பது அதற்குப் பிறகுதான். விசிறிக் காற்றில் தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். குறைந்ததை 500 டி.டி.எஸ். போர் தண்ணீரால் தினம் ஒரு லிட்டர் நிரப்பினால், 50 லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு 10 ஏறும், மாதத்தில் 300. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும், இறால் செத்துக்கொண்டிருக்கும். ஆவியானதை ஈடுகட்ட எப்போதும் ஆர்.ஓ. தண்ணீர் மட்டுமே. கிரிஸ்டல் ரெட் போன்ற கரிடினா வகை இறாலுக்கு 20 முதல் 24 டிகிரி வேண்டும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடியாதவர்கள் நம் ஊரில் அதை வளர்க்க வேண்டாம்.

ஐப்பசி மழை தொடங்கினால் கொசுவும் வரும், அடுத்த ஆபத்தும் வரும். கொசுவிரட்டித் திரவங்களில் இருக்கும் டிரான்ஸ்ஃப்ளூத்ரின் போன்றவை பைரித்ராய்டு என்ற வகைப் பூச்சிமருந்துகள். மனிதரைவிட இறாலுக்கு அவை பல மடங்கு கொடியவை; பூச்சியும் இறாலும் கணுக்காலிகள். காற்று மோட்டார் அறையின் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள்ளேயே தள்ளுகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. தொட்டி இருக்கும் அறையில் கொசுவத்தி, திரவம், ஸ்பிரே எதுவும் வேண்டாம், கொசுவலை கட்டிக்கொள்ளலாம். தெருவில் புகை மருந்து அடிக்க வந்தால் சன்னலைச் சாத்தி, தொட்டியை மூடி, புகை கலையும்வரை மோட்டாரை நிறுத்திவைக்க வேண்டும். கொசுக் களிம்பு பூசிய கையைத் தொட்டிக்குள் விடக்கூடாது. கடைச் செடிகளிலும் பூச்சிமருந்து ஒட்டியிருக்கும். தனி வாளியில் ஒரு வாரமாவது ஊறப்போட்டு, தினம் தண்ணீர் மாற்றிய பிறகே நட வேண்டும்.

செம்பும் அப்படித்தான். செப்புக் குடத்திலோ பித்தளைத் தவலையிலோ பிடித்துவைத்த தண்ணீர் நமக்கு நல்லது என்பார்கள், இறாலுக்கு விஷம். மீன் மருந்துப் புட்டியில் காப்பர் சல்பேட் என்று இருந்தால் இறால் தொட்டிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

தொட்டி வைத்த வாரமே இறால் விடுவது இன்னொரு அவசரம். ஸ்பாஞ்சு ஃபில்டர் ஓடவிட்டு 4 முதல் 6 வாரம் பொறுத்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்டி, கல்லில் பாசிப் படலம் பிடித்த பிறகு விட வேண்டும். குஞ்சு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், அந்தப் படலம் இல்லாவிட்டால் பட்டினி. ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவினால் அம்மோனியாவைச் செரிக்கும் நல்ல பாக்டீரியாவைக் குளோரின் கொல்லும். எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியவும்.

தீனி குறைவாக இருக்கட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு மணி நேரத்தில் தீரும் அளவு. மிஞ்சினால் தட்டைப் புழு பெருகும். மருந்தடிக்காத வீட்டு முருங்கையிலையை ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டுக் கொடுக்கலாம். காய்ந்து பழுப்பான வாதாமர இலை ஒன்று 40 லிட்டருக்குப் போதும்.

ஆற்றிலும் வாய்க்காலிலும் பிடித்த இறாலைச் சேர்த்து விடுவதைச் சிறுவர்கள் ஆசையாகச் செய்வார்கள். நீண்ட கொடுக்குக் கை இருந்தால் அது மேக்ரோபிராக்கியம் என்ற வேறு இன இறால், செர்ரியைப் பிடித்துத் தின்னும். கப்பிகூடக் குஞ்சுகளை விடாது. சிவப்பும் நீலமும் ஒரே தொட்டியில் வளர்த்தால் சில தலைமுறையில் எல்லாம் மங்கிய பழுப்பாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் சாவு தொடங்கினால் மருந்து ஊற்றாதீர்கள். பிணத்தை எடுத்து, தீனியை நிறுத்தி, காற்றைக் கூட்டி, அம்மோனியா, ஜி.எச்., டி.டி.எஸ்., வெப்பம் நான்கையும் அளந்து எழுதிவையுங்கள். அம்மோனியா தெரிந்தால் அளவு பொருத்திய தண்ணீரால் தினம் 10 சதவீதம் மாற்றுங்கள். நான்கும் சரியாக இருந்து கூட்டமாகச் செத்தால், அன்று வீட்டில் யார் என்ன ஸ்பிரே அடித்தார்கள் என்று கேளுங்கள்.